குதிரை நலம்

எங்கள் குதிரையேற்றக் கழகத்துக்கு இந்த வருஷத்தோடு நூறு வயது. உறுப்பினர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். குதிரை ஒன்று. குதிரை ஏறத் தெரிந்த உறுப்பினர் யாரென்று தேடினால், அதுதான் குதிரைக்கொம்பு.

நான் இங்கே எழுத்தர். இருபத்தாறு வருஷமாக ஒரே நாற்காலி. நாற்காலிக்குத்தான் இரண்டு தடவை கால் மாற்றினார்கள். நூற்றாண்டு மலரில் 'கழகத்தின் வரலாறும் செயல்பாடுகளும்' என்று பதினெட்டுப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருக்கிறதே, அது நான் எழுதியது. கீழே செயலாளர் பெயர் போட்டிருக்கும். அந்தப் பதினெட்டுப் பக்கத்தில் நானாகச் சேர்த்த பொய் ஒன்றுகூடக் கிடையாது. பதிவேட்டில் இருந்ததை இருந்தபடியே எழுதினேன். பதிவேட்டில் இல்லாததற்கு மலரில் இடமில்லை என்றார்கள். அதை இங்கே எழுதுகிறேன்.

ஊர் நடுவில் கழகத்துக்குப் பதினான்கு ஏக்கர். சீட்டாடும் அறை, நீச்சல் குளம், சாப்பாட்டுக் கூடம், டென்னிஸ் களம் எல்லாம் உண்டு. ஒரு மூலையில் லாயமும் உண்டு. நிலத்தைக் கொடுத்த புண்ணியவான் பத்திரத்தில் ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்: 'கழகத்தின் குதிரை உயிரோடு உள்ளவரை இந்நிலத்தைக் கழகம் அனுபவித்து வரலாம்.' அப்போது ஒன்பது குதிரைகள் இருந்தன. அதில் எதைச் சொன்னார் என்று அவரிடம் கேட்டுக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. பிற்பாடு குதிரைகள் குறைந்துகொண்டே வந்தபோது கழகம் பத்திரத்தை எடுத்துத் தூசி தட்டியது. வழக்கறிஞர்கள் கூடி உட்கார்ந்து, ஒன்றாவது சாகாமல் இருந்தால் நிலம் தப்பும் என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் குதிரை சாகவில்லை.

நான் வேலைக்கு வந்த பிறகே, போன வருஷம் வரைக்கும், அது இரண்டு தடவை சாகாமல் இருந்திருக்கிறது. நான் வந்தபோது கறுப்பாக இருந்தது. அப்புறம் கொஞ்ச காலம் சாம்பல் நிறம். பிறகு நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு செம்பழுப்பு. சொத்துப் பட்டியலில் நிறம் என்ற இடத்தில் 'வழக்கம்போல்' என்று இருக்கும். வயது என்ற இடத்தில் வருஷத்துக்கு ஒன்று கூட்டி எழுதுவேன். போன வருஷம் தொண்ணூற்றொன்பது எழுதினேன்.

குதிரை உயிரோடுதான் இருக்கிறது என்பதற்கு ஒரு நலப் பதிவேடு உண்டு. குதிரைக்காரர் தினமும் காலையில் வந்து குதிரை நலம், தானும் நலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன்பு இருந்த ஒரு செயலாளருக்குச் சிக்கனத்தில் நாட்டம். தினமும் எழுதப்போவது ஒரே சொல்தானே, அதை ஏன் கையால் எழுத வேண்டும் என்று அச்சடித்துவிட்டார். ஆக, ஒவ்வொரு பக்கத்திலும் 'குதிரை: நலம். குதிரைக்காரர்: நலம்.' என்று முன்கூட்டியே இருக்கும். தேதி போட்டுக் கையெழுத்திட்டால் வேலை முடிந்தது. வருஷக் கடைசியில் அடுத்த வருஷத்துக்கான நலத்தை அச்சகத்தில் கொடுத்து வாங்கி வருவது என் வேலை. பிழை திருத்துவதும் நான்தான். இதுவரை ஒரு பிழையும் வந்ததில்லை.

செயல்பாடுகளுக்கு வருகிறேன். பிரதானமான செயல்பாடு ஞாயிற்றுக்கிழமைச் சவாரி. பதினொரு வருஷத்துக்கு முன்பு அப்போதைய துணைத்தலைவரைக் குதிரை முட்புதரில் தள்ளிவிட்டது. அவர் 'தாமாகவே இறங்கினார்' என்று அன்றைய குறிப்பில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில், 'குதிரையின் மேல் அமர்வது சவாரியின் ஒரு வகை மட்டுமே' என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். அன்று முதல் முழங்கால்வரை காலணி, சவாரித் தொப்பி, கையில் சாட்டை சகிதம் உறுப்பினர்கள் தாழ்வாரத்தில் வரிசையாக நாற்காலியில் உட்காருவார்கள். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். குதிரைக்காரர் குதிரையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை மூன்று முறை சுற்றி வருவார். மூன்றாவது சுற்று முடிந்ததும் எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்டு எழுந்து, தொடையைத் தட்டிவிட்டு, தேநீருக்குப் போவார்கள். 'இன்று பதினேழு உறுப்பினர்கள் சவாரி செய்தனர்' என்று நான் எழுதுவேன். விதிப்படி குதிரை மேல் ஏறும் உரிமை உறுப்பினர்களுக்கு மட்டும்தான். அதனால் நூற்றாண்டு வரும்வரை அந்தக் குதிரையின் முதுகில் ஈயைத் தவிர யாரும் உட்காரவில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்கு மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு குதிரைக்காரர் வந்து சேர்ந்தார். மர அறுவை ஆலை ஒன்றில் வண்டிக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். லாரி வந்ததும் அங்கே குதிரையும் வேண்டாம், இவரும் வேண்டாம் என்றாகிவிட்டது. லாயத்துக்குப் பின்னால் ஒரே அறை. அதில் இவரும் மனைவியும், இந்த வருஷம் பத்தாம் வகுப்புக்கு வந்திருக்கும் மகளும். பள்ளிக்கூடம் சுவருக்கு அந்தப் பக்கம். அதனால்தான் இந்த வேலைக்கே ஒத்துக்கொண்டேன் என்று பிற்பாடு ஒரு நாள் சொன்னார்.

முதல் நாள் காலையில் பதிவேட்டை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சார், இதுல நலம்னு ஏற்கெனவே போட்டிருக்கே. நான் இன்னும் குதிரையவே பாக்கலியே."

"பாத்துட்டு வந்தாலும் இதுலதானே கையெழுத்துப் போடப் போறீங்க?"

"அப்படியும் ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன் சார்."

போனார். நாலு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, குளம்பை விரலால் தட்டி, கண்ணிமையை இழுத்து, வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு இருபது நிமிஷம் கழித்து வந்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று எனக்குச் சாட்சி சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. எனக்கு அது தமாஷாக இருந்தது. சாப்பாட்டுக் கூடத்துச் சமையல்காரரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

குதிரைக்குத் தொண்ணூற்றேழு வயது என்று பட்டியலில் படித்துவிட்டு வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார் போல. அவர் மனைவி அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்துவிட்டார். "பெரியவர் சாப்ட்டாரா", "பெரியவருக்குத் தண்ணி வெச்சாச்சா" என்று அந்த அறையிலிருந்து குரல் கேட்கும். உண்மையில் அதற்குப் பதினாறு பதினேழு இருக்கும் என்று பல்லைப் பார்த்துச் சொன்னார் குதிரைக்காரர். நான் அவசரமாக ஜன்னலைச் சாத்தினேன்.

குதிரைக்குக் குளம்பு நம் நகத்தைப் போல வளர்ந்துகொண்டே இருக்குமாம். ஆறேழு வாரத்துக்கு ஒரு தடவை செதுக்கி, லாடம் மாற்ற வேண்டும். கழகம் அங்கீகரித்த லாடக்காரர் இறந்து நாலு வருஷம். புதியவரை அங்கீகரிக்க லாட உபகுழு கூட வேண்டும். உபகுழுவில் மூன்று பேர். ஒருவர் காலமாகிவிட்டார், ஒருவர் கடல் கடந்து மகனோடு இருக்கிறார், மூன்றாமவர் மட்டும் வந்து கூட்டம் சேரவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். குதிரைக்காரர் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தன்னுடைய பழைய அரத்தை எடுத்துத் தானே ராவிவிடுவார். முழங்கை நீளம், தேய்ந்த மரப்பிடி. வேலை முடிந்ததும் அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பார். இரண்டரை வருஷம் எந்த வம்பும் இல்லை.

வம்பு நூற்றாண்டு வடிவத்தில் வந்தது. எங்கள் தலைவர் நில அளவைத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் அளப்பார். நூற்றாண்டை ஒட்டிக் கழகச் சொத்துகள் அனைத்தையும் தானே அளப்பதென்று கிளம்பினார். மேசை, நாற்காலி, நீச்சல் குளம், நிறுவனர் படம், கடைசியில் குதிரை. அடுத்த மாதம் சரிபார்க்க மறுபடி அளந்தபோது குதிரை இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.

குதிரைக்காரரைக் கூப்பிட்டார்கள்.

"ஏம்பா, மீதிக் குதிரை எங்கே?" என்றார் தலைவர்.

"குளம்பு வளந்திருந்தது சார். ராவிவிட்டேன்."

"யாரக் கேட்டு ராவின? அது கழகச் சொத்து தெரியுமா? இன்னைக்குக் குளம்பச் சுரண்டுவ. நாளைக்குச் சுவரச் சுரண்டுவ."

அரத்தைப் பறிமுதல் செய்தார்கள். வெள்ளிக் கோப்பைகள் இருக்கும் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார்கள். நூற்றாண்டு விழா முடியும்வரை கழகத்தின் எந்தச் சொத்தும் அளவில் மாறக் கூடாது என்று சுற்றறிக்கை அடித்தேன். புல்வெளிக்கும் அது பொருந்துமா என்று தோட்டக்காரர் கேட்டதற்கு மூன்று மாதம் கழித்துப் பொருந்தாது என்று பதில் போனது.

குதிரைக்குப் பொருந்தியது. மாதம் ஆக ஆகக் குளம்பு முன்னால் நீண்டு மேல்நோக்கி வளைந்தது. நடக்கும்போது குதிகாலில் நடப்பதைப் போல ஊன்றி ஊன்றி நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று சுற்று இரண்டாகி, ஒன்றாகி, பிறகு அது லாயத்து வாசலில் வந்து நிற்பதையே சவாரி என்று எழுதிக்கொண்டோம். நடையில் ஒரு கம்பீரம் கூடியிருக்கிறது என்றார் செயலாளர்.

ஒரு நாள் காலையில் குதிரைக்காரர் பதிவேட்டைத் தொடாமல் என் மேசைக்கு முன்னால் நின்றார். அதற்குள் என்னை அண்ணே என்று கூப்பிடப் பழகியிருந்தார்.

"அண்ணே, பெரியவருக்கு முன்னங்கால் ரெண்டும் கொதிக்குது. வந்து தொட்டுப் பாருங்க."

"எனக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்?"

"தொட்டாத் தெரியும்ணே. குளம்பு உள்ள பிரியுது. நம்ம நகத்த அடியிலேர்ந்து பேத்தெடுக்கற மாதிரி. டாக்டரக் கூப்பிடணும், குளம்பச் செதுக்கணும். ரெண்டு மூணு வாரம் விட்டா அப்புறம் எழுந்துக்கவே எழுந்துக்காது."

நான் தொட்டுப் பார்க்கப் போகவில்லை. தொட்டால் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். மேலிடத்தில் சொல்கிறேன் என்றேன். சொன்னேன். குறித்துக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. அவர் நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் பதிவேட்டில் 'குதிரை: நலம்' என்று அச்சடித்திருந்ததற்குப் பக்கத்தில் தன் கையால் 'இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

நூறு வருஷத்தில் நடக்காதது. அவசரச் செயற்குழுவைக் கூட்டினார்கள். குதிரை காலில் நிற்க முடியாமல் தவித்த நாலு நாளில் கூட்ட முடியாத குழு, ஒரு சொல்லுக்காக நாலு மணி நேரத்தில் கூடியது. நான் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். செயலாளர் குழாய்த் தொழிற்சாலை முதலாளி. நிதானமாகப் பேசுவார்.

"இங்க பாரு, நீ எழுதினது பொய்யின்னு நாங்க சொல்லல. அச்சுக்கு விரோதமா இருக்குன்னுதான் சொல்றோம்."

"குதிரைக்கு முடியல சார். டாக்டரக் கூப்பிடுங்கன்னுதான் எழுதினேன்."

"தாராளமாக் கூப்பிடலாம். டாக்டரக் கூப்பிடணும்னா குதிரைக்கு நலமில்லன்னு பதிவேட்ல இருக்கணும்."

"இருக்கே சார். நான்தான் எழுதியிருக்கேனே."

"அத நீ எழுத முடியாது. நலமில்லன்னு எழுத டாக்டர் சான்று வேணும்."

குதிரைக்காரர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். யாராவது சிரிப்பார்கள், விளையாட்டுக்குச் சொன்னது என்பார்கள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் எழுந்து மேல்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஒரே ஒரு ஆளிடம் பேசினாலும் அவருக்கு அது சொற்பொழிவுதான்.

"நூறு வருஷமா இந்தக் குதிரை நலமா இருக்கு. பெரிய பெரிய மனுஷங்க எல்லாம் இதப் பாத்து நலம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீ வந்து மூணு வருஷம். நூறு வருஷம் சொல்றத நம்பறதா, மூணு வருஷம் சொல்றத நம்பறதா? கழகம்னா என்ன? நம்பிக்கை. நாங்க யாராவது லாயத்துப் பக்கம் போய் எட்டிப் பாத்திருக்கமா? இல்ல. ஏன்? நம்பிக்கை!"

கை தட்டினார்கள். குதிரைக்காரர் கை தட்டல் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, "ஒரே ஒரு தடவ வந்து பாருங்க சார். லாயம் இங்கேர்ந்து நூறு அடிதான்" என்றார்.

"நூத்திப் பன்னெண்டு. நானே அளந்தேன்" என்றார் தலைவர்.

பதிவேட்டின் பக்கங்களுக்கு எண் உண்டு, கிழிக்க முடியாது. அதனால் அந்தப் பக்கத்தின் மேல் புதுப் பக்கம் ஒன்றை ஒட்டும்படி முடிவானது. இன்னொரு முறை இப்படி எழுதினால் மறுநாளே அறையைக் காலி செய்ய வேண்டும் என்று அவருக்கு எச்சரிக்கைக் கடிதம். கடிதத்தை அடித்தது நான். பசை தடவிப் பக்கத்தை ஒட்டியதும் நான். கோணாமல் ஒட்டியிருக்கிறேன், இப்போது பார்த்தாலும் தெரியாது.

மறுநாள் அவர் கையெழுத்துப் போட வந்தார். போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். பேனாவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். மகளுக்குத் தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. போட்டுவிட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் கணவனும் மனைவியுமாக என் அறைக்கு வந்தார்கள்.

"அண்ணே, அந்த அலமாரிச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்றார் அவர். "அரத்த ஒரு மணி நேரம் குடுங்க. ஞாயித்துக்கிழம தேநீர் முடிஞ்சதும் எல்லாரும் போயிடறாங்க. முழுசா ராவ மாட்டேன். அளவுக்குத் தெரியாத மாதிரி அடியில மட்டும் எடுத்துவிட்டுடறேன். கொஞ்சம் பாரம் குறையும். விழா வரைக்கும் தாங்கும்."

"டெய்லி கருங்கல்ல வெச்சுத் தேய்க்கறார்ணே. கையெல்லாம் ரத்தம். தேய மாட்டேங்குது" என்றார் அந்தம்மா.

சாவி அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. எனக்கு ஓய்வுக்கு நாலு வருஷம் பாக்கி இருந்தது. அதையேதான் சொன்னேன். "நாலு வருஷம்தாம்மா இருக்கு எனக்கு."

அவர் வற்புறுத்தவில்லை. அந்தம்மாதான் போகும்போது திரும்பி, "நீங்க நல்லவர்னுதாண்ணே வந்தோம்" என்றார். நான் கோப்பு ஒன்றைத் திறந்து படிப்பதைப் போல வைத்துக்கொண்டேன்.

நூற்றாண்டு விழா அன்று மைதானம் முழுக்கக் கொடி. சிறப்பு விருந்தினராக மிகப் பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் நிறுவனரின் படம் ஒன்று உண்டு. குதிரை மேல் அமர்ந்து கையை உயர்த்திப் பேசுவதைப் போல இருக்கும். நூறு வருஷம் கழித்து அதே கோலத்தில் தலைவர் குதிரை மேல் அமர்ந்து நூற்றாண்டு உரை ஆற்ற வேண்டும் என்பது செயலாளரின் யோசனை. தன் எடையை மட்டும் தலைவர் அளக்கவில்லை. தொண்ணூறு கிலோ இருக்கும்.

குதிரையை லாயத்திலிருந்து மைதானத்துக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்று, குதிரைக்காரர் அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே நடத்தி வந்தார். முன்னங்கால்களை முன்னே நீட்டி வைத்து, பாரத்தையெல்லாம் பின்னால் தள்ளி நின்றது. என்ன மிடுக்கு பாருங்கள் என்றார் சிறப்பு விருந்தினர். குதிரைக்காரர் தலைவரிடம் போனார்.

"சார், உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். மேல ஏறாதீங்க. பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கங்க. முன்னங்கால் தாங்காது."

"தள்ளி நில்லு. போட்டோல நீ விழற" என்றார் தலைவர்.

மூன்று படி மரப்பலகை போட்டு, ஆறு பேர் பிடித்து ஏற்றினார்கள். குதிரையின் உடம்பு நடுங்கியது தூரத்தில் இருந்த எனக்கே தெரிந்தது. குதிரைக்காரர் தள்ளி நிற்கவில்லை. புகைப்படக்காரருக்குத் தெரியாத பக்கமாகப் போய், தன் தோளைக் குதிரையின் தோளுக்கு அடியில் கொடுத்து முட்டுக்கொடுத்து நின்றார். தலைவர் பையிலிருந்து உரையை எடுத்தார். ஆறு பக்கம். அடித்தது நான்தான். இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று அவர் சொல்லி, நாலு பக்கத்தை ஆறாக்கியிருந்தேன்.

"பெருமக்களே! இந்த நூறு ஆண்டுகளில் நம் கழகம் ஒருமுறைகூட மண்டியிட்டதில்லை. நிமிர்ந்து நிற்பது எப்படி என்பதை இந்தக் குதிரையிடம் நாம் கற்க வேண்டும். இதன் நான்கு கால்கள்தாம் நம் கழகத்தின் நான்கு தூண்கள். ஒரு தூணாவது ஆட்டம் கண்டது உண்டா?"

நாலாம் பக்கத்தில் முன்னங்கால் இரண்டும் மடிந்தன. குதிரை மெதுவாக மண்டியிட்டது. குதிரை வணங்குகிறது, வணங்குகிறது என்று சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று கை தட்ட, இருநூற்றுச் சொச்சம் பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தக் கை தட்டலுக்கு நடுவில்தான் தலைவர் சரிந்தார். பதினொரு பேர் ஓடிவந்து அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். குதிரை மறுபக்கமாகச் சாய்ந்தது. அந்தப் பக்கம் தோள் கொடுத்து நின்றவர் நகரவில்லை. நகர்ந்திருக்கலாம். விட்டுவிட்டு ஓட அவருக்கு அந்த நேரத்தில்கூடத் தெரியவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவர் மேல் கோபம் கோபமாக வருகிறது.

கை தட்டியதும் வாத்தியம் முழங்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்ததால் முழங்கியது. அந்தச் சத்தத்தில் அந்தம்மா கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அந்தம்மாவும், சமையல்காரரும், தோட்டக்காரரும், நானும் சேர்ந்துதான் குதிரைக்கு அடியிலிருந்து அவரை இழுத்தோம். மற்றவர்கள் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் சரியாக இல்லை. கண் திறந்திருந்தது.

"பெரியவர் எழுந்தாராண்ணே?" என்று கேட்டார்.

"எழுந்துடுச்சுங்க" என்றேன்.

பிரதான வாசல் உறுப்பினர்களுக்கும் விருந்தினர்களுக்கும் மட்டும். ஆம்புலன்ஸைப் பின்வாசலுக்குச் சுற்றி வரச் சொன்னார்கள். பன்னிரண்டு நிமிஷம். போகும் வழியிலேயே அவர் இறந்துவிட்டார். குதிரை எழுந்திருக்கவில்லை. அதன் மேல் நூற்றாண்டு வாழ்த்துப் பதாகை ஒன்றை எடுத்துப் போர்த்தினார்கள். பொழுது சாய்வதற்குள் அதுவும் அடங்கிவிட்டது. குதிரை குப்புறத் தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்று சொல்வார்கள். எந்தக் குதிரைக்கும் அவ்வளவு திறமை போதாது. அதற்கு ஒரு செயற்குழு வேண்டும்.

மறுநாள் காலையில் செயலாளர் கூப்பிட்டார். மேசை மேல் நலப் பதிவேடு விரித்திருந்தது.

"இன்னைக்கும் நேத்தைக்கும் கையெழுத்து இல்லியே?"

"நேத்து விழா அவசரத்துல விட்டுப்போச்சு சார். இன்னைக்குப் போட ஆள் இல்ல."

"குதிரைக்காரர் வராத நாள்ல எழுத்தர் போடலாம். விதி பதினேழு. நீங்கதான் அடிச்சீங்க."

"சார், அவர் செத்துட்டார். குதிரையும் செத்துடுச்சு."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்கள யாரு எழுதச் சொன்னாங்க? எல்லாம் எழுதித்தானே இருக்கு. கையெழுத்து மட்டும் போடுங்க."

போட்டேன். இரண்டு நாளுக்கும் போட்டேன்.

புதன்கிழமை குதிரை வந்தது. இந்த முறை வெள்ளை. சொத்துப் பட்டியலில் வயதை நூறு என்று திருத்தினேன். வியாழக்கிழமை புதுக் குதிரைக்காரர் வந்தார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வாரத்துக்கும் சேத்துப் போட்டுடவா சார்?" என்றார். காரியக்காரர் என்று செயலாளருக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

அறையைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். கடைசி நாள் அந்தம்மா என் அறைக்கு வந்தார். பின்னால் வாசலில் மகள் புத்தகப் பையோடு நின்றாள். தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது.

"அண்ணே, அன்னிக்கு அந்த நோட்டுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவ காட்டுங்க."

காட்டாமல் இருந்திருக்கலாம். காட்டினேன். விழா நாளின் பக்கம். 'குதிரை: நலம். குதிரைக்காரர்: நலம்.' அந்தம்மா விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். விரல் கீழே கையெழுத்துக்கு வந்து நின்றது.

"இது அவர் கையெழுத்து இல்லியே."

"என்னோடதும்மா."

"அவர் தினமும் போய்ப் பாத்துட்டுத்தான் போடுவார். நீங்க பாத்தீங்களாண்ணே?"

இருவரும் சேர்ந்துதான் அவரை அடியிலிருந்து இழுத்தோம். நான் ஒரு கை, அந்தம்மா ஒரு கை.

"பாத்தேம்மா" என்றேன்.

அந்தம்மா பதிவேட்டை மூடினார். அழவில்லை. "அந்த அரம் அவரோடது. அத மட்டும் குடுத்துடுங்க, நாங்க போறோம்" என்றார்.

அரம் அதே கண்ணாடி அலமாரியில் இருந்தது. விழாவுக்காக அதன் கீழே 'கழக நிறுவனர் பயன்படுத்திய அரம்' என்று அட்டை வைத்திருந்தார்கள். மலரில் பதினொன்றாம் பக்கத்தில் படமும் வந்திருக்கிறது. நான் எழுந்து கூடத்துக்குப் போனேன். யாரையும் கேட்கவில்லை. சாவியைப் போட்டுத் திருப்பினேன். அரத்தை எடுத்து, மூடிப் பூட்டி, கொண்டுவந்து அந்தம்மா கையில் கொடுத்தேன். முந்தானையால் தூசியைத் துடைத்துச் சுற்றி எடுத்துக்கொண்டு மகளோடு பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எழுந்து போய் எடுத்துக்கொண்டு வர இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.